பன்னிரண்டு டென்ஸும் மனப்பாடம், ஆனாலும் மீட்டிங்கில் ஏன் தடுமாறுகிறது?

தருமபுரிப் பக்கம் தமிழ் வழியில் படித்துவிட்டு, பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் சாப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பன்னிரண்டு டென்ஸும் அட்டவணையோடு மனப்பாடமாகத் தெரியும். பரீட்சை வைத்தால் எழுதிவிடுவேன். ஆனால் காலையில் அன்றன்றைய வேலையைச் சொல்லும் ஸ்டாண்டப் மீட்டிங்கில் வாய் திறந்தால் வென்ட், ஹேவ் கான், ஹேட் கான் மூன்றும் முட்டிக்கொண்டு வருகின்றன. எதை எங்கே சொல்வது?"

நான் பெங்களூரு அல்சூரில் மாலை நேர இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். கிருஷ்ணகிரி, வேலூர், சேலம் பக்கமிருந்து வேலைக்கு வந்தவர்களும் வருகிறார்கள். ஸ்ரீராமபுரத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும் வருகிறார்கள். எல்லோரும் தடுமாறுவது ஏறக்குறைய அதே நாலைந்து இடங்களில்தான். அந்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். அதற்கு முன், உங்கள் அட்டவணை மறைத்துவைத்திருக்கும் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்.

மூன்று காலம், ஒவ்வொன்றுக்கும் நான்கு வகை, ஆக மொத்தம் பன்னிரண்டு. பள்ளியில் சொல்லிக்கொடுக்க இது வசதி. ஆனால் இங்கிலீஷ் வினைச்சொல் தன் உருவத்தில் காலம் காட்டுவது இரண்டே வகையில்தான். 'ரைட்' என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். ரைட், ரைட்ஸ், ரோட், ரிட்டன், ரைட்டிங் என்று ஐந்து வடிவம். இதில் ரைட், ரைட்ஸ் இரண்டும் ஒரு பக்கம். ரோட் இன்னொரு பக்கம். ரிட்டனுக்கும் ரைட்டிங்குக்கும் சொந்தமாகக் காலமே கிடையாது. 'ஐ ஆம் ரைட்டிங்' என்றாலும் 'ஐ வாஸ் ரைட்டிங்' என்றாலும் ரைட்டிங் மாறவில்லை. காலத்தைச் சொன்னது ஆம், வாஸ் என்ற முன் சொல்தான். எதிர்காலத்துக்கென்று இங்கிலீஷ் வினையில் தனி வடிவம் இல்லவே இல்லை. நாம் 'வருவேன்' என்று ஒரே சொல்லில் சொல்வதை அவர்கள் 'வில்' போன்ற துணைச்சொல்லைச் சேர்த்துத்தான் சொல்ல முடியும்.

ஆக, இங்கிலீஷில் காலம் ஒரே ஒரு இடத்தில்தான் உட்காரும். அது வினைக்கோவையின் முதல் சொல். தமிழில் இதற்கு நேர் எதிர், கடைசியில் உட்காரும். 'வந்துகொண்டிருந்தேன்' என்பதில் 'இருந்தேன்'தான் காலம் காட்டுகிறது. 'ஐ வாஸ் கமிங்' என்பதில் 'வாஸ்'. வால் தலைக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். இது பிடிபட்டால் 'டிட் யூ வென்ட்?' என்று வாயில் வரவே வராது. டிட் என்னும்போதே இறந்தகாலம் சொல்லியாகிவிட்டது. அதன் பிறகு வெறும் 'கோ' போதும். 'ஐ டிடன்ட் சா', 'ஷி டஸன்ட் நோஸ்' எல்லாம் ஒரே காலத்தை இரண்டு தரம் சொல்லும் பிழைகள்.

இனி நீங்கள் கேட்ட மூன்றுக்கு வருகிறேன். நேரம் எடுத்துப் படிக்க வேண்டிய பகுதி இதுதான்.

போனேன், போயிருக்கிறேன், போயிருந்தேன். தமிழிலும் மூன்று இருக்கிறது. கன்னடத்திலும் ஹோதெ, ஹோகித்தீனி, ஹோகித்தெ என்று மூன்று இருக்கிறது. ஆபீஸில் நாள் முழுக்க அதைக் கேட்கிறீர்கள். இங்கிலீஷிலும் மூன்று. மூன்றுக்கு மூன்று நேராகப் பொருந்தும் என்று மனம் நம்பிவிடுகிறது. பாதிதான் பொருந்தும். குழப்பம் முழுவதும் பொருந்தாத பாதியில்தான் இருக்கிறது.

பொருந்துகிற இடம்: "மைசூர் போயிருக்கீங்களா?" என்று ஒருவர் கேட்கிறார். எப்போது என்பது அவருக்கு முக்கியமில்லை. அந்த அனுபவம் இன்று உங்களிடம் இருக்கிறதா என்பதே கேள்வி. இங்கிலீஷிலும் 'ஹேவ் யூ பீன் டு மைசூர்?' நீங்கள் "போயிருக்கேன்" என்கிறீர்கள்: 'எஸ், ஐ ஹேவ்.' உடனே அவர் "எப்பப் போனீங்க?" என்கிறார். கவனியுங்கள், அவரே 'போயிருக்கீங்களா'வை விட்டு 'போனீங்க'வுக்கு வந்துவிட்டார். இங்கிலீஷிலும் அப்படியே 'வென் டிட் யூ கோ?' என்று மாற வேண்டும். 'வென் ஹேவ் யூ கான்' என்று கேட்கக் கூடாது. எப்போது என்ற கேள்வி வந்த கணமே ஹேவ் வெளியே போய்விடும்.

காரணம் எளிது. ஹேவ் போட்டுச் சொல்கிறவர் இன்றைய பொழுதில் நின்றுகொண்டு பின்னால் திரும்பிப் பார்க்கிறார். நடந்தது பழசு, ஆனால் அதன் பலன் இப்போது கையில் இருக்கிறது. நேற்று, போன வாரம், 2019ல் என்று முடிந்துபோன ஒரு நேரத்தைச் சொன்னால், நீங்கள் அந்த நேரத்துக்குள்ளேயே போய் நின்றுவிட்டீர்கள். அங்கிருந்து இன்றைக்குப் பாலம் கிடையாது. எலெக்ட்ரானிக் சிட்டிக்கு மெட்ரோ வந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். 'த மெட்ரோ ஹேஸ் கம் டு எலெக்ட்ரானிக் சிட்டி' என்றால், வந்தாச்சு, இனி ஏறிப் போகலாம் என்ற செய்தி. 'த மெட்ரோ கேம் இன் ஆகஸ்ட் 2025' என்றால் வரலாறு. இரண்டும் ஒரே நிகழ்ச்சிதான், நிற்கும் இடம் வேறு.

தமிழ் இங்கே கொஞ்சம் ஏமாற்றும். ஹேவ் செய்கிற வேலையை நாம் 'இருக்கேன்' என்பதற்கு மட்டும் கொடுத்துவைக்கவில்லை. பல இடங்களில் பிரித்துக் கொடுத்திருக்கிறோம். "மெயில் அனுப்பிட்டேன்", "சாப்பிட்டாச்சா?", "டிக்கெட் போட்டாச்சு" எல்லாமே பெரும்பாலும் ஹேவ் வாக்கியங்கள்தான்: 'ஐ ஹேவ் சென்ட் த மெயில்', 'ஹேவ் யூ ஈட்டன்?', 'ஐ ஹேவ் புக்ட் த டிக்கெட்ஸ்'. 'இருக்கேன்' என்ற வால் கண்ணில் படாததால் நம்மவர்கள் இங்கெல்லாம் ஹேவை மறந்துவிடுகிறார்கள். மறுபக்கம், காலையில் எழுந்து ரோடு நனைந்திருப்பதைப் பார்த்து "ராத்திரி மழை பெஞ்சிருக்கு" என்கிறோம். இது ஊகம்; பார்த்ததை வைத்துச் சொல்வது. இதை 'இட் ஹேஸ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்' என்று மாற்றக் கூடாது. 'லாஸ்ட் நைட்' வந்ததுமே கதவு மூடிவிட்டது. 'இட் மஸ்ட் ஹேவ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்' என்பதே சரி. மஸ்டுக்குப் பின்னால் வருகிற ஹேவ் பழையதைக் குறிக்கும் ஒட்டு மட்டும்தான். அதனால் அங்கே நேற்று, முந்தாநாள் எது வந்தாலும் தடையில்லை.

அடுத்து ஹேட். பெங்களூரில் மட்டுமில்லை, நம் நாடு முழுக்க அதிகம் தவறாகப் புழங்கும் சொல் இதுதான் என்பேன். நாம் சாதாரணமாக "நேத்து கமர்ஷியல் ஸ்ட்ரீட் போயிருந்தேன்" என்று சொல்கிறோம். அதற்கு முன் பின் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. போய்விட்டுத் திரும்பி வந்தாகிவிட்டது என்று அர்த்தம். கன்னடத்திலும் 'ஹோகித்தெ' இதே வேலையைச் செய்கிறது, இந்தியில் 'கயா தா'வும் அப்படியே. அதனால் நாம் 'ஐ ஹேட் கான் டு கமர்ஷியல் ஸ்ட்ரீட் எஸ்டர்டே' என்றால் பக்கத்து சீட்டில் இருக்கிற மைசூர்க்காரருக்கும் லக்னோக்காரருக்கும் ஒரு நெருடலும் இல்லை. லண்டனில் இருக்கிற கிளையன்ட்டுக்கு நெருடும்.

ஒரு மெயிலை வைத்துப் பார்ப்போம். 'ஐ ஹேட் சென்ட் த ரிப்போர்ட் ஆன் மண்டே' என்று எழுதி நிறுத்திவிட்டீர்கள். நீங்கள் சொல்ல நினைத்தது, திங்கட்கிழமையே அனுப்பிவிட்டேன், பாருங்கள் என்பது. ஹேட் என்ற சொல்லோ, இது இன்னொரு பழைய நிகழ்ச்சிக்கும் முன்னால் நடந்தது என்று சொல்கிறது. எந்த நிகழ்ச்சி? வாக்கியத்தில் அது இல்லை. கிளையன்ட் அடுத்த வரியில் அதைத் தேடுகிறார். அனுப்பியிருந்தேன், ஆனால் பிறகு திரும்ப வாங்கிவிட்டேனா? அனுப்பியிருந்தேன், அதற்கப்புறம் நம்பர்கள் மாறிவிட்டனவா? ஒன்றும் இல்லாமல் 'ரிகார்ட்ஸ்' வந்துவிடுகிறது. 'ஐ சென்ட் த ரிப்போர்ட் ஆன் மண்டே' என்றிருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை.

ஹேட் உண்மையிலேயே தேவைப்படும் இடம் ஒன்றைச் சொல்கிறேன். "நான் ஸ்டேஷனுக்குப் போறதுக்குள்ள லால்பாக் எக்ஸ்பிரஸ் கிளம்பிடுச்சு." 'வென் ஐ ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெய்ன் ஹேட் லெஃப்ட்.' அதாவது வண்டியைப் பிடிக்கவில்லை. இதையே 'வென் ஐ ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெய்ன் லெஃப்ட்' என்றால் நீங்கள் போய்ச் சேர்ந்த நேரத்தில், உங்கள் கண் முன்னால் வண்டி கிளம்பியது என்றாகும். இரண்டு பழைய நிகழ்ச்சிகளில் எது முந்தி என்பது கேட்கிறவருக்குத் தவறிப்போகும் என்றால் மட்டும் ஹேட். 'பிஃபோர்', 'ஆஃப்டர்' போன்ற சொற்களே வரிசையைச் சொல்லிவிட்டால் அங்கேகூட விட்டுவிடலாம். உங்கள் ஸ்டாண்டப் மீட்டிங்கில் ஒரு மாதம் ஹேட் இல்லாமலே பேசிப் பாருங்கள். அநேகமாக ஒரு இடத்திலும் குறையாகத் தெரியாது.

இல்லை என்று சொல்லும்போது இன்னொரு சிக்கல் வருகிறது. இலக்கணப் புத்தகங்கள் நமக்கு இதைத் தனியாகச் சொல்வதில்லை, ஆனால் தமிழர்களுக்கு இது பெரிய விஷயம். "அவர் வரல" என்கிறோம். நேற்று வரவில்லையா, இன்னும் வரவில்லையா, இப்போது கூப்பிட்டால் வர மறுக்கிறாரா? மூன்றுக்கும் தமிழில் ஒரே 'வரல'. 'வரவில்லை' என்ற வடிவத்தில் காலமே கிடையாது. சூழலை வைத்துப் புரிந்துகொள்கிறோம். இங்கிலீஷ் உங்களை அப்படி விடாது, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். நேற்றைய மீட்டிங்குக்கு வரவில்லை என்றால் 'ஹி டிடன்ட் கம்'. பத்து மணிக்கு வர வேண்டியவர், இன்னும் காத்திருக்கிறோம் என்றால் 'ஹி ஹேஸன்ட் கம் யெட்'. வரப் போவதில்லை என்றால் 'ஹி இஸன்ட் கமிங்'. "எனக்கு ஓடிபி வரல" என்று கஸ்டமர் கேரில் பேசும்போது 'ஐ டிடன்ட் கெட்' என்றால் அந்த முயற்சி முடிந்துபோனது போலக் கேட்கும். 'ஐ ஹேவன்ட் காட் இட்' என்றால் இன்னும் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறீர்கள் என்று புரியும். 'வரல'வை மொழிபெயர்க்கும் முன் மனசுக்குள் 'இன்னும்' என்ற சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். சேர்ந்தால் ஹேவன்ட். சேராவிட்டால் மற்ற இரண்டில் ஒன்று.

"மூணு வருஷமா இங்க வேலை பார்க்கிறேன்" என்பதையும் பார்த்துவிடலாம். தமிழில் இது நிகழ்காலம், அதனால் 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்று வருகிறது. இரண்டு இடத்தில் பிசகு. முன்பே தொடங்கி இன்று வரை நீள்வது என்றால் இங்கிலீஷுக்கு ஹேவ் வேண்டும். அடுத்தது, நீளத்துக்கு 'ஃபார்', தொடங்கிய புள்ளிக்கு 'சின்ஸ்'. 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்.' பெங்களூரின் 'நம்ம மெட்ரோ' ஓடத் தொடங்கியது 2011 அக்டோபரில். இன்றும் ஓடுகிறது: 'இட் ஹேஸ் பீன் ரன்னிங் சின்ஸ் 2011.' இன்டர்வியூவில் முதல் ஐந்து நிமிடத்துக்குள் வந்துவிடுகிற வாக்கியம் இது. வேறு எதைத் திருத்தாவிட்டாலும் இதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

வழக்கமாகச் செய்வதைச் சொல்ல நாம் எதிர்கால வடிவத்தை எடுப்போம். "தினமும் ஆறு மணிக்கு எழுந்திருப்பேன், ஏழரைக்குக் கம்பெனி பஸ் பிடிப்பேன்." இதை அப்படியே 'ஐ வில் வேக் அப்' என்று கொண்டுபோனால், நாளையிலிருந்து அப்படிச் செய்வேன் என்று உறுதி கொடுப்பதுபோல் ஆகிவிடும். 'ஐ வேக் அப் அட் சிக்ஸ்' என்ற சாதா வடிவம்தான் இங்கிலீஷில் வழக்கத்துக்கு உரியது. ஆனால் பழைய வழக்கத்தில் இரண்டு மொழியும் அழகாகக் கைகோக்கின்றன. "சின்ன வயசுல ஞாயித்துக்கிழமை கப்பன் பார்க் போவோம்" என்பதில் 'போவோம்' எதிர்கால வடிவம், பொருளோ பழையது. இங்கிலீஷிலும் 'வீ வுட் கோ டு கப்பன் பார்க்'. வில்லின் இறந்தகால வடிவம்தான் வுட்.

கன்டினியூவஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நடக்கிற செயலுக்கு ஐஎன்ஜி; இருக்கிற நிலைக்கு அது வேண்டாம். 'ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்', 'ஐ ஆம் நாட் அண்டர்ஸ்டாண்டிங்' இரண்டும் நிலைகள். 'ஐ ஹேவ்', 'ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்' போதும். 'ஐ ஆம் ஸ்டேயிங் இன் எ பிஜி' என்று நீங்கள் சொன்னால் அதை யாரும் திருத்த வேண்டியதில்லை, அது சரியே. பிஜி, அதாவது வாடகைக்குத் தங்கும் விடுதி, தற்காலிகம் என்பதை அந்த ஐஎன்ஜி சொல்லிவிடுகிறது. சொந்த வீட்டைப் பற்றி என்றால் 'ஐ லிவ் இன் ஓசூர்'.

எதிர்காலத்துக்குத் தனி வடிவம் இல்லை என்றேன். அதனால் இங்கிலீஷ்காரர் இருப்பதை வைத்தே சமாளிக்கிறார், நம்மைப் போலவே. "நாளைக்கு ஊருக்குப் போறேன்" என்று நிகழ்காலத்தில்தானே சொல்கிறோம்? 'ஐ ஆம் கோயிங் ஹோம் டுமாரோ.' டிக்கெட் போட்டாகிவிட்டது, ஏற்பாடு முடிந்தது. டைம்டேபிளில் இருப்பதற்கு 'த ட்ரெய்ன் லீவ்ஸ் அட் சிக்ஸ்'. மேகத்தைப் பார்த்து "மழை வரப்போகுது" என்பதற்கு 'இட் இஸ் கோயிங் டு ரெய்ன்'. அந்த நிமிடத்தில் எடுத்த முடிவு, கொடுத்த வாக்கு, ஒரு ஊகம் இவற்றுக்கு வில்: "சரி, நானே அனுப்பிடறேன்" என்றால் 'ஐ வில் சென்ட் இட்'.

ஒரு எச்சரிக்கை. சில்க் போர்டு சிக்னலில் மாட்டிக்கொண்டு போனில் "இதோ வந்துட்டேன்" என்கிறோம். இன்னும் வரவில்லை, ஆனாலும் இறந்தகாலம். நம் இலக்கணத்தில் இதற்குக் கால வழுவமைதி என்று பெயரே உண்டு. விரைவு, மிகுதி, தெளிவு போன்ற காரணங்களால் மூன்று காலமும் இடம் மாறி வரலாம் என்று நன்னூல் ஒப்புக்கொள்கிறது. இங்கிலீஷில் இந்த இடத்தில் அந்தச் சலுகை இல்லை. 'ஐ கேம்' என்றால் வந்துவிட்டீர்கள் என்று கதவைத் திறந்து பார்ப்பார்கள். 'ஐ ஆம் கமிங்', இல்லையென்றால் 'ஐ ஆம் ஆல்மோஸ்ட் தேர்'.

வுட், குட் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இங்கிலீஷில் இறந்தகால வடிவம் எப்போதுமே இறந்தகாலத்தைக் குறிப்பதில்லை. அது தள்ளி நிற்பதைக் குறிக்கிறது. காலத்தில் தள்ளி நின்றால் பழையது. நிஜத்திலிருந்து தள்ளி நின்றால் கற்பனை. ஆளிடமிருந்து கொஞ்சம் தள்ளி நின்றால் மரியாதை. 'குட் யூ செக் திஸ்?' என்பதும் 'ஐ வாண்டட் டு ஆஸ்க்' என்பதும் இப்போது கேட்பவைதான், பணிவுக்காக ஒரு அடி பின்னால் வைத்தவை. 'இஃப் ஐ ஹேட் எ கார்' என்றால் கார் இல்லை. 'இஃப்' வந்த பாகத்தில் சாதாரணமாக வில் போடாதீர்கள். நாமும் "மழை பெஞ்சா" என்று காலமில்லாமல்தான் சொல்கிறோம், அவர்கள் 'இஃப் இட் ரெய்ன்ஸ்' என்கிறார்கள். நடக்காமல் போனதற்கு மட்டும் நம் சொல்லும் அவர்கள் சொல்லும் துண்டுக்குத் துண்டு பொருந்துவதை வகுப்பில் காட்டும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி: "தெரிஞ்சிருந்தா வந்திருப்பேன்." தெரிஞ்சு + இருந்தா, 'இஃப் ஐ ஹேட் நோன்'. வந்து + இருப்பேன், 'ஐ வுட் ஹேவ் கம்'. இந்த ஒன்றைத் தமிழில் யோசித்தே தைரியமாகச் சொல்லலாம்.

கடைசியாக, உங்கள் ஸ்டாண்டப். தமிழில் மனசுக்குள் ஓடுவது இப்படி இருக்கும்: "நேத்து லாகின் பேஜ் டெஸ்ட் பண்ணேன். ரெண்டு பக் போட்டிருக்கேன். பேமென்ட் பில்டு இன்னும் வரல. வந்தா இன்னிக்கே ஆரம்பிச்சிடுவேன்."

நேற்று என்ற நேரம் சொல்லியாகிவிட்டது: 'எஸ்டர்டே ஐ டெஸ்டட் த லாகின் பேஜ்.' பக், அதாவது கண்டுபிடித்த பிழை, இப்போது லிஸ்டில் இருக்கிறது, டெவலப்பர் திறந்து பார்க்கலாம்: 'ஐ ஹேவ் ரெய்ஸ்ட் டூ பக்ஸ்.' பில்டு என்பது டெஸ்ட் செய்யத் தரும் புதுப் பதிப்பு; அதற்கு 'இன்னும்' சேர்கிறது: 'த பேமென்ட் பில்டு ஹேஸன்ட் கம் யெட்.' இஃப் பக்கம் வில் இல்லை, அடுத்த பக்கம் உண்டு: 'இஃப் இட் கம்ஸ், ஐ வில் ஸ்டார்ட் டுடே.' அமெரிக்கக் கிளையன்ட் என்றால் அவர்கள் 'டிட் த பில்டு கம் யெட்?', 'ஐ ஆல்ரெடி ரெய்ஸ்ட் தெம்' என்று ஹேவ் இல்லாமலே பேசுவதைக் கேட்பீர்கள். அது அவர்கள் பேச்சு வழக்கு, தவறில்லை. நீங்கள் ஹேவ் போட்டுச் சொன்னாலும் அவர்களுக்குச் சரியாகவே கேட்கும். டீம் லீட் குறுக்கிட்டு 'வென் டிட் யூ ரெய்ஸ் தெம்?' என்று கேட்டால் ஹேவை அங்கேயே விட்டுவிட்டு 'ஐ ரெய்ஸ்ட் தெம் எஸ்டர்டே ஈவ்னிங்' என்று சொல்லுங்கள்.